‘கால்சியம் ஆக்சலேட் ++’ என்று வந்திருக்கிறது: கல் இருக்கிறதா?

தம்பி, நீங்கள் கேட்டது இது. வயது 34, வலி எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை செய்யும் முழு உடல் பரிசோதனையில், சிறுநீர் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ++’ என்று வந்திருக்கிறது. மருந்துக் கடைக்காரர் ‘கல் ஆரம்பம்’ என்று சொல்லி, கல் கரைக்கும் மாத்திரை என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வீட்டில் தக்காளி, கீரை, பால் மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். கல் இருக்கிறதா, இந்தப் பத்தியம் சரிதானா என்பது கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கல் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பாலை நிறுத்தியது தவறு, திரும்பக் குடியுங்கள். நான் மருத்துவர் அல்ல. 30 ஆண்டுகளுக்கு மேல் லேபில் உட்கார்ந்து சிறுநீர் வண்டலை நுண்ணோக்கியில் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வரியை எழுதுகிற ஆளாக இருந்தவன் என்பதால், அது எப்படி உருவாகிறது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நீங்கள் கொடுக்கும் சாம்பிளில் 10 அல்லது 12 மில்லி லிட்டரை ஒரு குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் 5 நிமிடம் சுழற்றுவோம். மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, முதலில் 10 மடங்கு லென்ஸிலும் பிறகு 40 மடங்கு லென்ஸிலும் பார்ப்போம். எங்கள் கண் முதலில் தேடுவது சிவப்பணு, சீழ் அணு, சிறுநீரகக் குழாய்களின் அச்சாக வெளிவரும் ‘காஸ்ட்’, கிருமி ஆகியவற்றைத்தான். படிகம் கண்ணில் தானாகவே வந்து விழும். பளபளப்பாக இருப்பதால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் கிடக்கும் சிவப்பணுவைத் தவறவிடுவதும் உண்டு. ‘++’ என்பதற்கு ஊருக்கெல்லாம் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு லேபின் ஒரு பிளஸ் இன்னொரு லேபில் மூன்று பிளஸ் ஆகலாம்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும். முந்தின நாள் மாலை வந்த சாம்பிள் ஒன்று குளிர்பெட்டியில் இருந்துவிட்டது. காலையில் எடுத்து அப்படியே சுழற்றிப் பார்த்தேன். லென்ஸின் கீழே வெற்றிடமே இல்லை, படிகமோ படிகம். பெருமையாக ‘ஏராளம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். என் மூத்த டெக்னீஷியன் அதைப் பார்த்துவிட்டு, அதே நோயாளியிடம் புதுச் சாம்பிள் வாங்கி, சூடு ஆறுவதற்குள் என்னையே பார்க்கச் சொன்னார். ஒரு படிகம் கூட இல்லை. “நீ எழுதினது குளிர்பெட்டியோட ரிப்போர்ட்” என்றார்.

பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உடன்குடிப் பக்கம் பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் தொங்கவிட்ட பானையில் ஊற்றி, வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பார்கள். சூடாக இருக்கும்போது கரைந்து கிடந்த சர்க்கரை, ஆற ஆறத் தாங்க முடியாமல் நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டாக இறங்கும். சிறுநீரும் அப்படி ஒரு கரைசல்தான். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் சிறுநீரிலேயே கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்த உப்பு, பல வேளைகளில் தண்ணீர் தாங்கும் அளவுக்கு மேல் கரைந்திருக்கிறது. அது உள்ளேயே இறங்கிவிடாமல் சிட்ரேட், மெக்னீசியம், சில புரதங்கள் ஆகியவை தடுத்துக்கொண்டிருக்கின்றன. குலாப் ஜாமூன் பாகு பூத்துப்போகாமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிவார்களே, அங்கே நடக்கும் வேதியியல் வேறு. ஆனால் பாகைக் கட்டியாக விடாமல் வைத்திருக்கும் காரியம் ஒன்றுதான். உடம்புச் சூட்டில் 37 டிகிரியில் இருந்த கரைசல் வெளியே வந்து, பிளாஸ்டிக் டப்பாவில் ஆறி, இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் படிகம் இறங்கத்தான் செய்யும்.

இப்போது உங்கள் பரிசோதனை நாளை நினைத்துப் பாருங்கள். வெறும் வயிறு என்று சொன்னதும் நம் ஆட்கள் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை வரை ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், எழுந்தவுடன் கழித்த முதல் சிறுநீர். நாள் முழுவதிலும் அதைவிடக் கெட்டியான சிறுநீர் கிடையாது. அதை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் பையன் ஐஸ் பெட்டியில் வைத்து, இன்னும் பத்து வீடு ஏறி இறங்கி, லேபுக்குக் கொண்டு போயிருக்கலாம். கெட்டியான கரைசல், குளிர்ச்சி, காத்திருப்பு: கற்கண்டுக்கு வேண்டிய மூன்றும் ஆயிற்று.

கால்சியம் ஆக்சலேட் இரண்டு உருவத்தில் வரும். அடிக்கடி பார்ப்பது, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டது போல, பழைய தபால் உறையின் பின்பக்கம் மாதிரி மின்னும். படிகத்தில் இரண்டு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்த வகை இது. தென் துருவத்துக்கு அருகே வெட்டல் கடலின் அடிமண்ணில் இதே பொருள் கனிமமாகக் கிடைத்ததால் கனிம இயலார் வெட்டலைட் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று ஒரு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்தது. உடுக்கை போல நடுவில் ஒடுங்கியோ, முட்டை வடிவிலோ, நீளப் பட்டையாகவோ வரும். உங்கள் ரிப்போர்ட்டில் எது என்று எழுதியிருக்க மாட்டார்கள். முழு உடல் பரிசோதனைக்கு வருபவர்களிடம் அநேகமாகத் தபால் உறைதான்.

இந்தக் கால்சியம் ஆக்சலேட் உங்களுக்குப் புதிய ஆள் அல்ல. சேனையோ கருணைக்கிழங்கோ சரியாக வேகாவிட்டால் தொண்டை காறுகிறதே, அது கிழங்குக்குள் ஊசிக் கட்டுகளாக அடுக்கியிருக்கும் கால்சியம் ஆக்சலேட் செய்கிற வேலை. அப்படி ஏற்கெனவே கால்சியத்தோடு கட்டுண்ட ஆக்சலேட் குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படாது. தண்ணீரில் கரைந்த நிலையில் உள்ள ஆக்சலேட்தான் இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் வந்து இறங்கும். இங்கேதான் பால் வருகிறது. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம், உணவோடு வந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் அந்தக் காவல் போய்விடுகிறது. ‘கால்சியம் கல்லா, கால்சியத்தைக் குறை’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இத்தாலியில் மறுபடி மறுபடி கல் வந்த 120 ஆண்களை இரண்டு பிரிவாக்கி 5 ஆண்டு கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குத் திரும்பக் கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. நீங்கள் குறைக்க வேண்டியது ஏதாவது உண்டென்றால் அது ஊறுகாயும் அப்பளமும்தான்.

தக்காளி பாவம். அதில் ஆக்சலேட் குறைவு. விதை வயிற்றுக்குள் போய்க் கல்லாகிறது என்பது விதையையும் கல்லையும் பார்த்து உருவம் ஒத்துப்போவதால் வந்த கதை. கீரைகளில் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பாலக் கீரையில் ஆக்சலேட் மிக அதிகம். கல் வந்தவர்கள் அதைத் தவிர்க்கலாம், அல்லது வேகவைத்த நீரை வடித்துவிட்டுத் தயிரோடு சாப்பிடலாம். உங்களுக்கு வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடத் தடை சொல்ல இந்த ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை.

உணவால் உண்மையிலேயே ஆபத்து வருவது வேறு வழியில். கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி இரும்பன் புளியை, அதாவது மரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் பிலிம்பிக் காயை, சாறாகப் பிழிந்து குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். சிறுநீரகத் திசுவில் ஆக்சலேட் படிகம் அடைத்திருந்தது. நட்சத்திரப் பழமும் அதே குடும்பம். இரண்டையும் ஊறுகாய்க்கும் குழம்புக்கும் போடுவது வேறு, வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் சாறாகக் குடிப்பது வேறு. வைட்டமின் சி மாத்திரையைக் கிராம் கணக்கில் தினம் விழுங்குபவர்களுக்கும் சிறுநீரில் ஆக்சலேட் கூடும். நீங்கள் இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயம். யூரிக் அமிலக் கல்லை, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மாத்திரை கிடையாது. பொட்டாசியம் சிட்ரேட் போன்றவற்றை மருத்துவர்கள் சிலருக்குக் கொடுப்பது, கல் திரும்ப வராமல் தடுக்கத்தான். கடைக்காரர் கொடுத்தது எது என்று தெரியாமல், இருப்பதாகவே தெரியாத கல்லுக்கு அதை விழுங்காதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்களைப் போன்ற இளைஞர்களை இந்தப் படிகங்களில் ஒன்று பல ஆண்டுகளாகப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. அது கால்சியம் ஆக்சலேட் அல்ல, உருவற்ற பாஸ்பேட். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இரைப்பை அமிலம் சுரக்கும். அதை ஈடுகட்டுவது போல இரத்தத்திலும் சிறுநீரிலும் காரத்தன்மை சற்று ஏறும். காரம் ஏறினால் பாஸ்பேட் மணல்போல் இறங்கி, சிறுநீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்துப்போகும். இது ஒரு நோயே அல்ல. ஆனால் இதைப் பார்த்துவிட்டு ‘தாது போகிறது’, ‘விந்து வீணாகிறது’ என்று தூக்கம் கெட்டு, மெலிந்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பையன்களை நான் லேபில் பார்த்திருக்கிறேன். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர்களுக்கு இந்த வெண்மையே மூலதனம். ஒரு பையன் ஆறு மாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு வந்து நின்றான். அவன் கண்முன்னேயே சாம்பிளைக் குழாயில் ஊற்றி, அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். பால்போல் இருந்தது கண்ணாடி போலத் தெளிந்தது. விந்தாக இருந்தால் அமிலத்தில் இப்படிக் கரையுமா என்று கேட்டேன். நுண்ணோக்கியிலும் பார்க்கச் சொன்னேன். மணல் மட்டும்தான் இருந்தது. (சிறுநீர் கலங்கலாக இருப்பதெல்லாம் பாஸ்பேட் என்று நீங்களாக முடிவு செய்துவிடக் கூடாது. சீழ் இருந்தாலும் கலங்கும், அது அமிலத்தில் தெளியாது.)

அந்தச் சொட்டு அசிட்டிக் அமிலம் பழைய ஆட்களின் கைப்பழக்கம். சிறுநீரில் முக்கி நிறமாற்றம் பார்க்கும் பட்டைச் சோதனை வராத நாளில் புரதம் பார்க்கச் சிறுநீரைக் குழாயின் மேல்பாதியில் சூடாக்குவோம். கலங்கினால் அமிலம் விடுவோம். தெளிந்தால் பாஸ்பேட், தெளியாவிட்டால் ஆல்புமின் என்ற புரதம்.

பாஸ்பேட்டுக்கு நேர் எதிர் யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு. அமிலத்தன்மை மிகுந்த கெட்டிச் சிறுநீர் ஆறினால் செங்கல் பொடி போல இளஞ்சிவப்பாக அடியில் தங்கும். குழாயை வெந்நீரில் பிடித்தால் மறைந்துவிடும். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தையின் துணியில் இந்தக் கறையைப் பார்த்துவிட்டு ‘இரத்தம், இரத்தம்’ என்று பாட்டிமார் அலறிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் பால் போதாத குழந்தையாக இருக்கும். தாய்ப்பால் நன்றாக இறங்கினதும் நின்றுவிடும். யூரிக் அமிலமே படிகமாக வந்தால் தேன் நிறத்தில், தேங்காய் பர்பி வில்லை போலவோ எலுமிச்சம்பழம் போலவோ, சில சமயம் பூப்போலவோ இருக்கும். எனக்குப் பிடித்த படிகம் இதுதான், அழகுக்காகச் சொல்கிறேன். 1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்தவற்றில் சிறுநீர் மணலும் ஒன்று. யூரிக் அமிலம் என்று ஒரு பொருள் இருப்பதை 1776இல் ஸ்வீடன் வேதியியலர் ஷீலே கண்டுபிடித்ததும் சிறுநீர்க் கல்லிலிருந்துதான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியவரின் சிறுநீரில் இது குவிந்தால் மட்டும் நாங்கள் அழகை இரசிக்காமல் உடனே வார்டுக்குச் சொல்லிவிடுவோம். செத்த அணுக்களிலிருந்து வரும் யூரிக் அமிலம் சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

பாடப் புத்தகங்களில் ‘சவப்பெட்டி மூடி’ என்று எழுதியிருக்கும் டிரிப்பிள் பாஸ்பேட் எனக்கு நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக் கூரையை மேலிருந்து பார்ப்பது போலத்தான் தெரியும். மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் புரோட்டியஸ் போன்ற கிருமிகள் இருந்தால் சிறுநீர் காரமாகி இது இறங்கும். சீழ் அணுக்களோடு சேர்ந்து வந்தால் பொருட்படுத்த வேண்டும். சிறுநீரகத்தின் கிளைகளை நிரப்பி மான்கொம்பு போல வளரும் கல் இந்தப் பொருள்தான். ஆனால் மேசையில் மதியம் வரை கிடந்த சாம்பிளில் வெளிக்கிருமி வளர்ந்து இதே வேலையைச் செய்துவிடும். கூடவே ஊமத்தங்காய் போல முள் முளைத்த பழுப்பு உருண்டைகளும், அதாவது அம்மோனியம் யூரேட்டும், இருந்தால் சாம்பிள் பழசு என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஒன்றே ஒன்று இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடும் படிகம் சிஸ்டின் என்ற அமினோ அமிலம். நிறமில்லாத, ஒழுங்கான அறுகோணத் தகடு. தேன்கூட்டின் ஓர் அறையைப் பெயர்த்து வைத்தது போல இருக்கும். நல்ல உடம்பில் இது வராது. என் பணிக்காலத்தில் சில முறைதான் பார்த்தேன். முதல் முறை, வயிற்று வலி என்று மூன்று முறை வந்துபோன ஒன்பது வயதுப் பெண்குழந்தை. யூரிக் அமிலமும் எப்போதாவது அறுகோணமாக வந்து ஏமாற்றும். அதனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்தேன், கரைந்தது. யூரிக் அமிலம் அதில் கரையாது. பிறகு சிஸ்டினைக் காட்டிக்கொடுக்கும் சயனைடு நைட்ரோபுருசைடு சோதனையில் கருஞ்சிவப்பு ஊதா நிறம் ஏறியது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் பெரும்பாலும் பிள்ளைக்குச் சிறுநீரில் சிஸ்டின் இறங்கும் இந்நோய் வரும். அந்தக் குழந்தையின் அப்பாவும் அம்மாவும் மாமன் மகள், அத்தை மகன். குழந்தை இரவில் எழுந்தும் தண்ணீர் குடிக்கும்படி மருத்துவர் சொல்லியனுப்பினார். இந்தப் பொருளை 1810இல் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து இங்கிலாந்து வேதியியலர் வுல்லாஸ்டன் பிரித்தெடுத்தார். பைக்கல்லில் கிடைத்ததால்தான், பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சிஸ்டின் என்று பெயர்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டைரோசின், லூசின் என்ற அமினோ அமிலங்களில் முன்னதன் ஊசிகளும் பின்னதன் உருண்டைகளும் ஈரல் மோசமாகக் கெட்டதைக் காட்டும், மிக அரிது. சல்பா மருந்துகள், ஆம்பிசிலின், அசைக்ளோவிர் ஆகியவை தாமே படிகமாக இறங்கக்கூடும். சல்பா நெற்கட்டு போல இருக்கும். காரணம் தெரியாமல் மயங்கிக் கிடப்பவரின் சிறுநீரில் நீளப்பட்டை வடிவக் கால்சியம் ஆக்சலேட் குவிந்தால், வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் உள்ள எத்திலின் கிளைக்காலைக் குடித்திருக்கலாம் என்று எண்ண வேண்டும். உடல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றுகிறது. சீனாவில் 2008இல் பால் மாவில் மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தபோது, அதுவும் யூரிக் அமிலமும் சேர்ந்து கைக்குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல்லாயின. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். கையுறையிலிருந்து உதிர்ந்த மாவையும் உடைந்த ஸ்லைடின் கண்ணாடித் துணுக்கையும் படிகம் என்று எழுதிய ரிப்போர்ட்களும் உலகத்தில் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு வாரம் வழக்கமான சாப்பாடு, வழக்கமான தண்ணீர். பிறகு லேபுக்கே நேரில் போய், காலை உணவுக்குப் பின், அங்கேயே நடுச்சிறுநீரை, அதாவது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, பிடித்துக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடும்படி கேளுங்கள், கேட்டால் செய்வார்கள். அதிலும் படிகம் நிறைய இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது கல் வந்திருந்தால், மருத்துவர் வயிற்று ஸ்கேன் எழுதுவார். அதுதான் கல்லைப் பார்க்கும் வழி. தண்ணீரை எவ்வளவு குடிப்பது என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். கல் வந்தவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்பார்கள். வெயிலில் வேலை செய்பவர் மூன்று லிட்டர் குடித்தும் ஒரு லிட்டர்தான் கழிப்பார். முதல் முறை கல் வந்த 199 பேரை இத்தாலியில் 5 ஆண்டு பார்த்ததில், தண்ணீரை அதிகமாக்கியவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும் மற்றவர்களில் 27 பேருக்கும் கல் திரும்பியது. 1996இல் வந்த முடிவு இது.

விலாவில் சுருட்டிப் பிடிக்கும் வலி, காய்ச்சல், இரத்தம் கலந்த சிறுநீர் இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். புது ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சிவப்பணு எத்தனை, சீழ் அணு எத்தனை என்ற இரண்டு வரிகளை முதலில் படியுங்கள். படிகத்தின் வரியை அதற்குப் பிறகு படிக்கலாம்.